மஞ்சள் நூல் கட்டிய கேன்

அவள்தான். அந்தச் சமையல் டீச்சர்தான் என் மகளை என் கையிலிருந்து பிடுங்கினவள். நான் சாமியைக் குறை சொல்லமாட்டேன், ஓடிப்போன புருஷனைக்கூடச் சொல்லமாட்டேன். அவள் ஒருத்தியைத்தான் சொல்வேன். இன்றைக்கு நேராகப் போய் முகத்துக்கு முன்னால் நின்று கேட்கப் போகிறேன். அதற்குத்தான் இந்த பஸ்.

காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, சீட்டுக்கு அடியில் என் கேன் இருக்கிறது. பாப்பா நல்லாத் தூங்குகிறாள், தூங்கட்டும். மடியில் இருப்பது என்ன பொட்டலம், வடையா? பஸ் ஸ்டாண்டு மேற்கு வாசல் கடையா? ம். சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள். அந்தக் கடைக்காரன் எனக்குத் தெரிந்தவன்தான்.

மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள்? மகளுக்குச் சோறு கொண்டு போகிறேன். பன்னிரண்டு வயசு, ஏழாவது படிக்கிறாள், கோபிகா என்று பேர். இன்றோடு இருபத்தாறு நாள், என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. பட்டினி கிடக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள். என் வீட்டிலேயே, என் அடுப்பிலேயே, தனிப் பானை! பிரிந்துபோன மருமகள் வைப்பாளே, அப்படி.

என்னை யார் என்று நினைத்தீர்கள்? இந்தப் பக்கத்து டீக்கடையில் போய் எண்ணெய்க்காரப் பாண்டிச்செல்வி என்று கேளுங்கள், நாற்காலி எடுத்துப் போடுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது எனக்கு. கோபிகா வயிற்றில் இருக்கும்போதே அவள் அப்பன் லாரியோடு போனான், போன ஊரிலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். கழுவுகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான் என் படிப்பு.

என்ன பார்த்தேன் என்றால், பெரிய ஹோட்டல்காரன் ரெண்டு நாள் பொரித்த எண்ணெயை அடுத்த நாள் தொடமாட்டான். டின் டின்னாக மூலையில் கிடக்கும். வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் செய்கிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள், அவர்களுக்குத்தான் கொடுக்கணுமாம், அப்படிச் சட்டமாம். நான் மேனேஜரிடம் போனேன். "அவுக மாசத்துக்கு ஒரு தடவை வர்றாக, நான் தெனமும் வாரேன். உங்களுக்கு எடம் அடையாது, ஈ மொய்க்காது" என்றேன். அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன். நான் எழுந்து வாசல்வரை போனேன். வாசலில் வைத்துக் கூப்பிட்டான். எப்போதும் வாசலில் வைத்துத்தான் கூப்பிடுவார்கள் தங்கச்சி. எழுந்து நடக்கத் தெரியணும், திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தெரியணும். பேரம் என்றால் அவ்வளவுதான்.

அதை வாங்கி வந்து, தெளிய வைத்து, மல்லுத்துணியில் மூன்று தடவை வடிகட்டி, கேனில் ஊற்றி, பஜ்ஜிக்கடை வடைக்கடைக்கெல்லாம் கொடுப்பேன். பார்த்தால் புது எண்ணெய் தோற்றுப்போகும். அப்படி முகத்தைச் சுளிக்காதீர்கள். ஏழை பாழை வடை தின்கிறது என்றால் யாரால்? புது எண்ணெயில் சுட்டால் ஒரு வடையை இந்த விலைக்குக் கொடுக்க முடியுமா? நான் ஊருக்கு நல்லதுதான் செய்கிறேன்.

ஆனால் வீட்டு விஷயத்தில் நான் கறார். என் பிள்ளைக்குச் செக்கில் ஆட்டின கடலெண்ணெய்தான். அதுவும் கேனில்தான் இருக்கும், கலந்துவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் நூல் கட்டி வைப்பேன். கோபிகாவுக்கு அஞ்சு வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டேன். "மஞ்ச நூலு இருந்தா நமக்கு. நூலு இல்லாட்டி ஊருக்கு." பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிவாள். பள்ளிக்கூட வாசலில் சோணைமுத்து என்று ஒருத்தன் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடுகிறான், என் வாடிக்கைதான். ஒரு நாள் இவள் அவன் வண்டியில் ஒரு வாழைக்காய் பஜ்ஜியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பார்த்தேன். தட்டிவிட்டு, முதுகில் வைத்தேன் ஒன்று. அதற்குப் பிறகு அந்த வண்டிப் பக்கம் தலை திரும்பினது இல்லை அவள். எப்படி வளர்த்திருக்கிறேன் பாருங்கள்.

அப்படி வளர்த்த பிள்ளைக்குத்தான் அந்த டீச்சர் வந்து சேர்ந்தாள்.

இந்த வருஷம்தான் வந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி ரெண்டு பீரியடு சமையல் வகுப்பாம். பையன்களும் உண்டு. ஆரோக்கியமாய்ச் சாப்பிடக் கற்றுக் கொடுக்கிறாளாம். முதலில் எனக்குச் சிரிப்பு. "ஏண்டி, சோறாக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?" என்றேன். அப்புறம் பார்த்தால் பிள்ளை முருங்கைக்கீரையை உருவிப் பொரியல் செய்கிறாள். கத்தி பிடிக்கிறாள், விரலை மடக்கி, அழகாக. தட்டில் நாலு நிறம் இருக்கணுமாம். வெள்ளைச் சோறு, பச்சைக் கீரை, சிவப்புக்குக் காரட்டோ தக்காளியோ, மஞ்சளுக்குப் பருப்பு. எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். சோணைமுத்துவிடம்கூடச் சொன்னேன். "எம் மக டாக்டரு கணக்காப் பேசுறாய்யா" என்று.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஆளுக்கு ஒரு சின்னப் பாட்டிலில் வீட்டு எண்ணெய் கொண்டு வரச் சொன்னாளாம். இவளும் காலையில் கொல்லைப்பக்கம் போய் ஊற்றிக்கொண்டு போனாள். நான் பார்க்கவில்லை. வடிகட்டுகிற வேலையில் இருந்தேன்.

அங்கே டீச்சர் ஒவ்வொரு எண்ணெயாய்ச் சின்னச் சட்டியில் காய வைத்து, ஒரு துண்டு அப்பளம் போட்டாளாம். எது நுரைக்கிறது, எது புகைகிறது, எது மூக்கில் ஏறுகிறது, பிள்ளைகளே மோந்து பார்த்துச் சொல்லணுமாம். மற்றது எல்லாம் சும்மா இருந்ததாம். என் மகள் பாட்டில் மட்டும் சோப்பு நுரை மாதிரி பொங்கி, ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், சிக்குத் தலை வாடை" என்றானாம். வகுப்பே சிரித்ததாம். அந்த டீச்சர் சிரிக்கவில்லையாம். இவள் தலையைத் தடவி, "இது பல தடவை பொரிச்ச எண்ணெய்ம்மா. உங்க அம்மாவை யாரோ ஏமாத்திட்டாங்க. பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இனிமே அந்தக் கடையில வாங்க வேணாம்னு சொல்லு, சரியா?" என்றாளாம்.

பாவமாம். என்னையாம். பாண்டிச்செல்வியை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரணும்!

கேன் மாறிப்போச்சு, அவ்வளவுதான் விஷயம். நூல் இல்லாத கேனிலிருந்து ஊற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அஞ்சு வயசிலிருந்து ஒரு நாள் மாற்றி எடுத்தது கிடையாது, இருட்டில் தடவியே எடுப்பாள். அன்றைக்கு எப்படி மாறினது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த வகுப்பில் கண்டதையும் சொல்லிச் சொல்லிப் பிள்ளைக்குப் புத்தி குழம்பிவிட்டது. வேறு என்ன இருக்கும்?

அன்று சாயங்காலம் வந்தாள். பையைக் கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"அம்மா, சோணைமுத்து மாமா வண்டியில நான் பஜ்ஜி வாங்குனதுக்கு என் முதுகுல வெச்சியே."

"ஆமா. வெச்சேன். இப்ப என்ன?"

"ஜெனிபா முதுகுல ஏன் வெக்கல?"

ஜெனிபா என்பது இவள் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை. அவள் அம்மாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. அதனால் சாயங்காலம் தினமும் சோணைமுத்து வண்டியில் ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டுத்தான் டியூஷன் போகும். வெடவெட என்று இருக்கும், எப்பப் பார்த்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அவளை அடிக்க நான் யாரு? அவ அம்மா அடிக்கட்டும்" என்றேன்.

"அவங்க அம்மாவுக்குத் தெரியாதே. உனக்குத்தானே தெரியும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது தங்கச்சி. எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்தும், கை அதற்கும் முந்தும். "போடி, வந்துட்டா நியாயம் கேக்க. நீ போட்டிருக்கிற சட்டை, உன் காதுல கெடக்குறது எல்லாம் எதுல வந்துச்சுன்னு நெனச்சே?" என்று ஒரு அறை விட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. காதிலிருந்து தோட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினாள். சின்ன அலுமினியப் பானையை எடுத்தாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

வீட்டில் இருக்கிற அரிசியை எடுப்பாள், காயை எடுப்பாள். நான் சமைத்ததை மட்டும் தொடமாட்டாள். கஞ்சி வைப்பாள், பயறு அவிப்பாள், தேங்காயைத் துருவிக் கீரை மேல் போடுவாள். சொட்டு எண்ணெய் கிடையாது. "செக்கெண்ணெய்தாண்டி, மஞ்ச நூலு கேன்தாண்டி, வந்து பாரு" என்று கேனையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். "எண்ணெய் இல்லம்மா, உன் கையில அந்த வாடை வருது" என்றாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தேன். இந்தாருங்கள், மோந்து பாருங்கள். வருகிறதா? பொய் சொல்லாதீர்கள்.

ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தப் பானையை எட்டி உதைத்தேன். கஞ்சி அடுப்படி முழுக்க ஓடினது. பேசாமல் துணி எடுத்துத் துடைத்தாள், பானையைக் கழுவிக் கவிழ்த்தாள், ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன். எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன், கத்தினால் கத்துவான், இறங்கினால் இறங்குவான். ஒன்றுமே சொல்லாமல் துடைக்கிறவளிடம் என்ன பேசுவீர்கள்?

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, பானையில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது.

போன வாரம் பள்ளிக்கூடத்துக்கே போனேன். டீச்சரை நாலு பேருக்கு முன்னால் நாறடித்துவிடலாம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் போனேன். பார்த்தால் அவள் சின்னப் பொண்ணு. சுண்டைக்காய் மாதிரி இருக்கிறாள். "கோபிகா அம்மாவா? வாங்கம்மா, உட்காருங்க. உங்க பொண்ணு மாதிரி இந்த வகுப்புல யாருமே இல்லம்மா" என்று தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள். குடித்துவிட்டுத் திட்டலாம் என்று குடித்தேன். அப்போது கேட்டாள், "அந்த எண்ணெய் எந்தக் கடையில வாங்குனீங்க? சொல்லுங்கம்மா, மத்த பெற்றோருக்கும் சொல்லி வைக்கலாம்."

அவளுக்குத் தெரியவே தெரியாது தங்கச்சி! இத்தனை நாளாய் என் மகள் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. அவள் அங்கேதான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். திரும்பிப் பார்த்தாள் என்னை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள்.

"அது... ஒரு சைக்கிள்காரன்... தெருவுல வந்தான்" என்றேன். எனக்கு வாய் குளறி நான் பார்த்ததே இல்லை. அவள் திரும்பிக்கொண்டு மறுபடி பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

சரி, பேரமே பேசிவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன். "சொல்லுடி. உனக்கு என்ன வேணும்? சைக்கிளா?" வேண்டாமாம். "போனா?" வேண்டாமாம். "உங்க டீச்சரு மாதிரி கரண்டு அடுப்பு வாங்கித் தரவா?" அதற்கு மட்டும் ஒரு நொடி கண் அசைந்தது, வேண்டாம் என்றுவிட்டாள். நான் எழுந்து நடந்தேன். வாசல்வரை போனேன். கூப்பிடவில்லை. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், செருப்பைத் தேடுகிற மாதிரி. கூப்பிடவே இல்லை. என் ஆயுசில் முதல் தடவையாகத் திரும்பி வந்து நானே உட்கார்ந்தேன்.

"நீயே சொல்லு தாயி. என்னதான் செய்யணுங்கிற?"

எழுந்து போனாள். நூல் இல்லாத கேனிலிருந்து சட்டியில் ஊற்றினாள். மாவு கரைத்து, வாழைக்காயை மெலிசாகச் சீவி, ஒரே ஒரு பஜ்ஜி போட்டாள். டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரி எண்ணெய் வடிய வைத்து, தட்டில் வைத்து என் முன்னால் கொண்டு வந்தாள்.

"இதை நீ சாப்பிடும்மா. நான் இப்பவே உன் கையால சாப்பிடுறேன். தெனமும் சாப்பிடுறேன். அப்புறம் எதுவுமே கேக்க மாட்டேன்."

இவ்வளவுதானா! ஒரு பஜ்ஜி! இதைவிட மலிவாக எனக்கு எதுவும் படிந்ததே இல்லை. எடுத்தேன். நல்லா உப்பியிருந்தது, நிறமும் நல்ல நிறம். வாய் வரைக்கும் கொண்டு போனேன்.

அப்போதுதான் டீ குடித்திருந்தேன் தங்கச்சி. வயிறு நிறைந்திருந்தது. எனக்கு வாழைக்காய் வாயு வேறு. அதைத்தான் சொன்னேன். "ஆறட்டும்டி, அப்புறமாத் திங்குறேன்" என்றேன்.

"சரிம்மா" என்றாள். மூடி வைத்தாள். சாயங்காலம் அந்தத் தட்டை எடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போகிறேன், எல்லாக் கேன் கழுத்திலும் மஞ்சள் நூல்! ஒன்று விடாமல்! புது நூலாக மஞ்சளில் முக்கி, முடிச்சுப் போட்டு, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். எது நமக்கு, எது ஊருக்கு என்று எனக்கே தெரியவில்லை. மோந்து பார்த்தேன், விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாய் வடிகட்டியிருக்கிறேன், என் தொழில் சுத்தம் எனக்கே எமனாகிவிட்டது. ஒரு கேனைக்கூட அடுப்படிக்கு எடுத்துப்போகக் கை வரவில்லை. "ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று கேட்டால், "நீதானேம்மா சொன்னே, மஞ்ச நூலு இருந்தா நமக்குன்னு" என்கிறாள்.

தொழிலை விட்டுவிடு என்கிறீர்களா? சொல்லாதீர்கள். அதை மட்டும் சொல்லாதீர்கள். விட்டுவிட்டு மறுபடி பாத்திரம் கழுவவா? என் வயசில்? அவள் பெரிய படிப்புப் படிக்கணும் என்கிறாளே, அதற்கு எங்கே போக? நான் யாருக்காக இதைச் செய்கிறேன்?

அதனால்தான் இன்று காலையில் கடையில் போய், சீல் ஒட்டின பாக்கெட் எண்ணெய் வாங்கினேன். அவளுக்கு எதிரே கத்தரித்து ஊற்றினேன். கத்தரிக்காய் வதக்கல், முருங்கைக்கீரை, பருப்பு, நாலு நிறம், எண்ணிப் பார்த்துத்தான் வைத்தேன். ஒரு அடுக்கில் இட்லியும் வைத்தேன். தொடாமல் போய்விட்டாள். அதைத்தான் கொண்டு போகிறேன். டீச்சர் சொன்னால் கேட்பாள். டீச்சர் சொன்னால் கிணற்றிலும் குதிப்பாள்.

பாப்பா முழித்துவிட்டாளே. பசிக்கிறதாக்கும். அழாதே சாமி, அழாதே.

வேண்டாம்.

வேண்டாங்க, அதைப் பிள்ளைக்குக் கொடுக்காதீங்க. கொடுங்க அந்தப் பொட்டலத்தை என்கிட்ட. ஆறிப்போச்சு, நல்லா இருக்காது. நீங்களும் போதும், விடுங்க. நான் ஜன்னல் வழியா எறிஞ்சிடுறேன். காசு வேணா நான் தாரேன்... கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. அந்தக் கடைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன்னு சொன்னேன்ல? அதான்.

இந்தாங்க, இட்லி இருக்கு. நான் பிச்சுக் குடுக்குறேன். வா சாமி. வாயைத் தொற... பாத்தீங்களா, தெறக்குறா. பாத்தீங்களா தங்கச்சி? என் கையால வாங்குறா. என் கையை மோந்துகூடப் பாக்கல. இன்னொரு வாய்? ம். மெல்ல, மெல்ல.

பள்ளிக்கூட ஸ்டாப் வந்துவிட்டது. தூக்குச்சட்டி என் கையில் இருக்கிறது, அந்தக் கேனை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். சோணைமுத்து சாயங்கால அடுப்புக்குக் காத்துக்கொண்டிருப்பான். மஞ்சள் நூலா? ஆமாம், இதிலும்தான் கட்டியிருக்கிறாள். அவிழ்க்க அவிழ்க்க இறுகுகிற முடிச்சு.

நான் அந்த டீச்சரிடம் சண்டை போடப் போகவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். நீ எண்ணெயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாய், நிறத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தாய், சரி. பெற்றவளை என்ன செய்வது என்று ஏன் சொல்லிக் கொடுக்காமல் விட்டாய்? நீ மூட்டின அடுப்புதானே, நீயே வந்து அணை. இதோ சோறு, இதோ என் கை, அதோ என் மகள். ஒரு வாய், ஒரே ஒரு வாய், என்கிட்ட வாங்கிக்கச் சொல்லு. நீ சொல்லு டீச்சர். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ சொல்லு.